வீடு நிறைய ஆள்... பேசத்தான் ஆளில்லை!

பண்ணைப்புரம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கேட்கவே வேண்டாம். பாட்டுதான்! உத்தமபாளையம் பக்கத்தில், மலையடிவாரத்தில் கிடக்கும் இந்தச் சின்ன ஊரை உலகத்துக்குச் சொன்னது இளையராஜாவின் ஆர்மோனியம். 1960-களின் கடைசியில் பிள்ளைகள் சென்னைக்குக் கிளம்பியபோது, அம்மா சின்னத்தாயம்மாள் வீட்டில் இருந்த ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று, அந்தப் பணத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார் என்பது தமிழ்நாட்டில் எல்லோரும் கேட்ட சங்கதி. எத்தனை மேடையில் சொன்னாலும் கேட்பவர் கண் கலங்கும்.

ஆனால் கவனித்திருக்கிறீர்களா? அந்தச் சங்கதி எப்போதும் பிள்ளைகள் புறப்பட்டதோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு? பிள்ளைகளும் போய், ரேடியோவும் போன வீட்டில் அன்றைக்குச் சாயங்காலம் விளக்கேற்றியபோது எப்படி இருந்திருக்கும்? சோறு வடிக்கும்போது பழக்க தோஷத்தில் அரிசியைக் கூடப் போட்டிருப்பாரோ? நமக்குத் தெரியாது. ஜெயித்தவர்களின் வரலாறு அந்தச் சாயங்காலத்தை எழுதாது. பாட்டுகூட முழுசாகச் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது கதையின் வேலை.

'இதென்ன, உடம்பைப் பற்றிப் பேசுற புத்தகத்துல கதை, கத்தரிக்காய்னு ஆரம்பிச்சிட்டாரே!' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். ஒரு நிமிஷம்... உடம்பைப் பற்றித்தான் பேசப் போகிறேன். வீட்டில் தெர்மாமீட்டர் வைத்திருக்கிறோம். பி.பி. பார்க்கிற மெஷின் வைத்திருக்கிறோம். சர்க்கரை பார்க்கிற கருவிகூட இப்போது பல வீடுகளில் டி.வி. ஸ்டாண்டு மேலேயே இருக்கிறது. ஆனால் வீட்டில் ஒருவருக்கு மனசு சுருங்கிக்கொண்டே போகிறது என்றால், அதை எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்? நல்ல கதைகள் படித்த கண்ணுக்கு அது தட்டுப்படும் என்பது என் கட்சி.

'எங்க வீட்ல தனிமையா? அதெல்லாம் அமெரிக்காவுல சார். இங்க ஒரு கக்கூசுக்கு ஏழு பேர் வரிசையில நிக்கிறோம்' என்று சிரிப்பீர்கள். சிரிக்கலாம். ஆனால் தனிமை என்பது ஆள் இல்லாமல் இருப்பது மட்டும் இல்லை. ஆள் இருந்தும் பேசுவதற்கு ஆள் இல்லாமல் இருப்பதுதான் பெரிய தனிமை. முதல் வகையைக் கதவைத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டாவது வகை கூடத்திலேயே உட்கார்ந்திருக்கும். நாமும் அதைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டே இருப்போம்.

நம்ம கம்பம் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். முல்லைப் பெரியாறு தண்ணீர், நெல்லு, தென்னை, பன்னீர் திராட்சை என்று பார்க்கப் பச்சைப்பசேல் என்றுதான் இருக்கிறது. ஆனால் இந்த ஊர்களுக்கு மேலே எப்போதும் ஒரு மலை இருக்கிறது. அந்த மலை ஆட்களை இழுத்துக்கொண்டே இருக்கிறது. இளையராஜாவின் அப்பாவும் மலைத்தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர்தான். இன்றைக்கும் விடியக்காலை இருட்டோடு ஜீப் ஏறி, கேரளா பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போய், பொழுது சாயத் திரும்பி வருகிற பெண்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். படித்த பிள்ளைகள் திருப்பூர், சென்னை, பெங்களூர் என்று போய்விட்டார்கள். மிச்சம் யார்? திண்ணையில் அப்பத்தா. கையில் ஒரு செல்போன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேரன் முகம். 'சாப்பிட்டியா அப்பத்தா?' 'சாப்பிட்டேன்ப்பா.' 'மாத்திரை போட்டியா?' 'போட்டேன்ப்பா.' பேச்சு முடிந்தது! அப்பத்தா நன்றாக இருக்கிறாள் என்று பேரன் நிம்மதியாகிவிடுவான். அவள் சாப்பிட்டது காலையில் வடித்த கஞ்சியா, நேற்றைய பழையதா, தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காமல் நாய்க்குப் போட்டாளா என்பது வீடியோவில் தெரியாது.

இதெல்லாம் வெறும் புலம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 நவம்பரில் இதற்கென்றே தனியாக ஒரு ஆணையம் அமைத்தது. 2025 ஜூனில் வெளியான அதன் அறிக்கை, உலகத்தில் 6 பேரில் ஒருவரைத் தனிமை உணர்வு வாட்டுகிறது என்கிறது. ஆண்டுக்கு சுமார் 8 லட்சத்து 71 ஆயிரம் மரணங்களுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறதாம். மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை, மனச்சோர்வு, ஞாபக மறதி என்று தனிமை இழுத்து வரும் கூட்டம் பெரிசு. 2010-ல் அமெரிக்காவில் 148 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களைப் பற்றிய விவரம். நல்ல உறவுகள் உள்ளவர்கள் உயிரோடு நீடிக்கும் வாய்ப்பு, அப்படி இல்லாதவர்களைவிட 50 சதவீதம் கூடுதல் என்று வந்தது. பிரிட்டனில் 2018-லேயே தனிமைப் பிரச்சினையைக் கவனிக்க ஒரு மந்திரியையே போட்டுவிட்டார்கள்! நம் ஊரில் மந்திரி வேண்டாம். வீட்டுக்கு ஒரு ஆள் கவனித்தால் போதும்.

சரி, கதைக்கு வருவோம்.

கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' என்று ஒரு கதை. அந்தப் பெயரிலுள்ள தொகுப்புக்குத்தான் 1970-ல், அவர் இறந்த பிறகு, சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. கதையில் பெரிதாக ஒன்றும் நடக்காது. பத்திரிகையில் வேலை பார்க்கும் ஒருவர். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் எல்லாம் அவர்மேல் உயிராக இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து தூங்க விடாமல் எழுப்புகிற அளவுக்கு உரிமை. வருஷப் பிறப்புக்கு இரண்டு குழந்தைகளுக்கு டைரி பரிசாகக் கொடுக்கிறார். இன்னொரு பையன், சாரங்கன், பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். அழவில்லை. சண்டை போடவில்லை. 'எனக்கு?' என்று கேட்கக்கூட இல்லை. பிறகு ஒருநாள் அவரைத் தன் வீட்டுக்குக் கூப்பிடுகிறான். உபசாரம் எல்லாம் முடிந்தபின் ஒரு டைரியைக் கொண்டுவந்து நீட்டி, தனக்கு அன்பளிப்பு என்று அதில் எழுதிக் கொடுக்கச் சொல்கிறான்! தானே வாங்கிவந்த டைரியில்!

இந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைக்காத தாயோ தகப்பனோ இருக்க முடியுமா? அந்த மனிதர் கெட்டவரா? இல்லவே இல்லை. குழந்தைகள் என்றால் அவருக்கும் உயிர். அதுதான் விஷயம். பிரியமானவர்கள் நிறைந்த வீட்டில், பிரியமானவர் கண்ணிலேயே ஒரு குழந்தை தப்பிப் போகிறது. நம் வீட்டிலும் சத்தம் போட்டு வாங்கிக்கொள்ளும் பிள்ளை ஒன்று இருக்கும். 'இவன் ஒரு தொந்தரவும் பண்ண மாட்டான், பாவம், குடுக்கறதைச் சாப்பிடுவான்' என்று பெயர் வாங்கிய பிள்ளையும் ஒன்று இருக்கும். இரண்டாவது பிள்ளையை நினைத்துக்கொண்டு இந்தக் கதையைப் படியுங்கள். தொந்தரவு பண்ணாத பிள்ளையின் மார்க் குறைந்தால்தான் நாம் திரும்பிப் பார்க்கிறோம். சில வீடுகளில் அப்போதும் பார்ப்பதில்லை.

தி. ஜானகிராமனின் 'முள்முடி' இன்னும் ஒரு படி மேலே. அனுகூலசாமி வாத்தியார் ஓய்வு பெறுகிறார். இத்தனை வருஷத்தில் ஒரு பையனைக்கூட அடித்ததில்லை என்று ஊரே மெச்சுகிறது. பாராட்டு, மாலை, ஊர்வலம். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தால் ஒரு பையனும் அவன் அம்மாவும் வந்து நிற்கிறார்கள். பையன் எப்போதோ ஒரு புத்தகத்தைத் திருடியிருக்கிறான். அவனோடு பேச வேண்டாம் என்று வாத்தியார் வகுப்பில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். சொன்னவர் அதை மறந்தே போனார். பையன்கள் மறக்கவில்லை. வகுப்பு மொத்தமும் அவனோடு பேச்சை நிறுத்திவிட்டது! பிரம்பே எடுக்காத வாத்தியார் கொடுத்த அடி அது.

இதைப் படிக்கும்போது எனக்கு ஒன்று தோன்றும். அடிக்கக்கூடாது, திட்டக்கூடாது என்று இப்போது எல்லோரும் தெரிந்து வைத்திருக்கிறோம். நல்லதுதான். ஆனால் 'பேச்சை நிறுத்துவது' என்ற தண்டனையை மட்டும் யாரும் தண்டனையாகவே நினைப்பதில்லை. 'நான் அவளை ஒரு வார்த்தை சொல்லலையே! பேசாமத்தான் இருந்தேன்' என்று பெருமையாகச் சொல்கிற மாமியாரைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? மூன்று நாள் மனைவியோடு பேசாமல், தட்டை மட்டும் நகர்த்தி வைத்துவிட்டுப் போகிற கணவனை? காதல் கல்யாணம் செய்துகொண்டாள் என்று பதினைந்து வருஷமாக மகள் பெயரையே உச்சரிக்காத அப்பாவை? கல்யாண வீட்டில் பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, 'பெரியப்பாகிட்ட அந்தத் தண்ணியைக் கேளு' என்று பிள்ளையை நடுவில் விட்டுப் பேசுகிற அண்ணன் தம்பிகளை? நம்ம பக்கத்தில் இதற்கு 'பேச்சுவார்த்தை இல்லை' என்று ஒரு கௌரவமான பெயர் வேறு! வாய் பேசாத வீட்டில் குழந்தை வயிற்று வலி என்கிறது. மருமகள் தலைவலி என்கிறாள். டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார். ஒன்றுமில்லை என்பதால் வலி பொய்யாகிவிடுமா?

அடுத்து நான் சொல்லப் போவது உங்களில் பலருக்குத் தெரிந்த கதை. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்'. 1966-ல் ஆனந்த விகடனில் வந்தபோது தமிழ்நாட்டில் ஒரு கலவரமே நடந்தது என்று சொல்லலாம். வேண்டும் என்பவர்களும் கூடவே கூடாது என்பவர்களும் சண்டை போட்டார்கள். மழை நாள். கல்லூரிப் பெண் ஒருத்தி பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறாள். கார்காரன் ஒருவன் வீட்டில் விடுவதாக ஏற்றிக்கொள்கிறான். நடக்கக்கூடாதது நடந்துவிடுகிறது. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா விதவை. முதலில் பதறுகிறாள், அடிக்கிறாள். அக்கம்பக்கம் என்ன ஏது என்று கேட்டதும் சட்டென்று சுதாரித்துக்கொள்கிறாள். வெளியே ஒரு வார்த்தை விடவில்லை. மகளை உட்கார வைத்துத் தலையில் தண்ணீரை ஊற்றுகிறாள். நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லித் தேற்றுகிறாள். பெண் மறுபடி மனுஷியாகிறாள்.

அம்மா செய்தது சரியா தப்பா என்று அன்றைக்கு ஊரே விவாதம் செய்தது. ஜெயகாந்தன் என்ன செய்தார் தெரியுமா? அந்த அம்மா வேறு மாதிரி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நாவலே எழுதிவிட்டார்! அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-ல் சாகித்திய அகாதமி விருது வாங்கியது. பிறகு சினிமாவாகவும் வந்து லட்சுமிக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. அதே மழை, அதே கார், அதே பெண். இந்தத் தடவை அம்மா கத்திவிடுகிறாள். தெருவுக்குத் தெரிந்துவிடுகிறது. அண்ணன் வீட்டை விட்டு விரட்டுகிறான். அந்தப் பெண் கங்கா படிக்கிறாள், பெரிய உத்தியோகத்துக்குப் போகிறாள், சம்பாதிக்கிறாள். அம்மாவும் கூடவே இருக்கிறாள். ஆனால் வீட்டுக்குள் ஒரு ஐஸ் பாறை. தொட்டால் சில்லென்று இருக்கிற தனிமை.

கல்யாணத்துக்கு இரண்டு பெண் பார்க்கும்போதுகூட இவ்வளவு கச்சிதமாக ஒப்பிட்டுப் பார்க்க முடியாது! காயம் ஒன்றுதான். அதற்குப் பிறகு அம்மா நடந்துகொண்ட சில நிமிஷங்கள்தான் வித்தியாசம். அதில் இரண்டு வாழ்க்கை பிரிந்து போகிறது. நாவலில் இன்னொரு விஷயம். 'அக்கினிப் பிரவேசம்' கதையையே கங்கா ஒரு பத்திரிகையில் படிக்கிற மாதிரி வைத்திருக்கிறார் ஜெயகாந்தன். அதை அவள் தன் அம்மாவையும் படிக்க வைக்கிறாள். தான் செய்யாமல் விட்டதை இன்னொரு அம்மா செய்கிறாள் என்று அந்த அம்மா படிக்க வேண்டும்... நினைத்துப் பாருங்கள். எத்தனை கவுன்சலிங் கொடுத்தாலும் இது நடக்குமா?

தண்ணீர் ஊற்றிச் 'சுத்தப்படுத்துவது' என்ற எண்ணமே தப்பு என்று இன்றைக்கு ஒரு பெண் சொன்னால் நான் ஒத்துக்கொள்வேன். குற்றம் செய்தவன் ஒருவன், குளிப்பாட்டுவது இவளையா? இப்போது நடந்தால் டாக்டரிடம் போக வேண்டும், போலீசுக்குப் போக வேண்டும், மூடி மறைப்பது சரியாகாது. எல்லாம் உண்மை. ஆனால் அதற்கெல்லாம் முன்னால், மகள் வாசலில் ஈரத்தோடு வந்து நிற்கிற அந்த முதல் ஐந்து நிமிஷம் ஒன்று இருக்கிறது பாருங்கள். அதற்குச் சட்டம் கிடையாது, மருந்து கிடையாது. அதில் நீங்கள் மட்டும்தான். பரீட்சையில் தோற்ற மகன் வந்து நிற்கும்போதும் அதே ஐந்து நிமிஷம்தான். வேலை போய்விட்டது என்று மாப்பிள்ளை வந்து சொல்லும்போதும் அதேதான். 'நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?' என்று முதலில் வாயில் வந்துவிட்டால் அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்கவே முடியாது. அந்த நாலு பேர் கடைசியில் நம் சவத்தைத் தூக்கத்தான் வரப்போகிறார்கள். அதற்குள் ஏன் அவர்களுக்கு இவ்வளவு அதிகாரம்?

கூடவே புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதையையும் தேடிப் பிடித்துப் படியுங்கள். நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அது கட்டாயம். துணிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, சொந்த ஊரையும் சொந்தக்காரர்களையும் விட்டு வெகுதூரத்தில் சென்னைப் பட்டணத்தில் நோயாளி மனைவியோடு தனியாக அல்லாடுகிறார். கடைக்கும் போக வேண்டும், வந்து கஞ்சியும் வைக்க வேண்டும். நோயாளியைப் பற்றி விசாரிக்கப் பத்துப் பேர் ஆரஞ்சுப் பழத்தோடு வருவார்கள். பார்த்துக்கொள்கிறவரை 'நீங்க தூங்கினீங்களா?' என்று கேட்க ஆள் இருக்காது. பக்கவாதம் வந்த அப்பாவையோ, ஞாபகம் தப்பிய மாமியாரையோ வருஷக்கணக்கில் பார்த்துக்கொள்கிற பெண்களுக்கு நான் சொல்வது புரியும்.

'எல்லாம் வேற ஊர்க் கதையாவே சொல்றீங்களே, நம்ம பக்கத்துக் கதை இல்லையா?' என்று கேட்கலாம். இல்லாமலா? வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' இருக்கிறது. 2003-ல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணைக்காகத் தண்ணீருக்குள் போன கிராமங்களின் கதை. பேயத்தேவர் என்ற முதிய சம்சாரி. பாடு என்றால் அப்படி ஒரு பாடு. பெற்ற பிள்ளைகளால் வருகிற துன்பம் ஒருபக்கம். தாங்கிப் பிடித்துக்கொள்ள இருப்பதோ பேரன் மொக்கராசு. கிழவனும் பேரனும் ஒருவருக்கொருவர் ஊன்றுகோலாக இருப்பதைப் படித்தால், நம் வீட்டில் பேரனைத் தாத்தாவோடு விடாமல் டியூஷனுக்கு விரட்டுவது சரிதானா என்று ஒரு கேள்வி வரும். வரட்டும். இன்னொன்றும் கவனிக்கலாம். வயசானவர்களை ஊரிலிருந்து பெயர்த்துக்கொண்டு போய் மகன் வீட்டு மூன்றாவது மாடியில் வைக்கிறோமே, 'அங்க எல்லா வசதியும் இருக்கு, ஆனா ஒரு நாள் முழுக்க அழுதாங்க' என்கிறோமே... அவர்கள் விட்டுவந்தது ஒரு சுவரையும் கூரையையுமா? வீட்டோடு சேர்ந்து ஒரு மனுஷன் எப்படி முங்கிப் போவான் என்று அந்த நாவலில் பார்க்கலாம்.

தேனி சீருடையானின் 'நிறங்களின் உலகம்' இன்னொரு நல்ல நாவல். போடியில் பிறந்து, சின்ன வயசில் பார்வையை இழந்து, பார்வையற்றோர் பள்ளியில் படித்து, அறுவை சிகிச்சைக்குப் பிறகு பார்வை திரும்பப் பெற்றவர் அவர். அந்த அனுபவத்தைத்தான் நாவலாக்கினார். கண் போன பிள்ளையைப் பற்றி நாம் வழக்கமாகக் கேட்பது டாக்டர் சொல்வதையும் பெற்றோர் சொல்வதையும்தான். அந்தப் பிள்ளை சொல்வதைக் கேட்க இப்படி ஒரு புத்தகம் வேண்டியிருக்கிறது.

இப்போது ஒரு நியாயமான கேள்வி. கதை படித்தால் மனசு நிஜமாகவே இளகுமா? விஞ்ஞானம் என்ன சொல்கிறது? 2013-ல் 'சயன்ஸ்' பத்திரிகையில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இருவர் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நல்ல இலக்கியக் கதையைக் கொஞ்ச நேரம் படித்தவர்கள், மற்றவர் முகத்தைப் பார்த்து அவர் மனநிலையைக் கணிப்பதில் தேறியிருந்தார்கள் என்று. உலகமெல்லாம் பெரிசாகப் பேசப்பட்டது. பிறகு மற்றவர்கள் அதையே திரும்பச் செய்து பார்த்தபோது அதே முடிவு வரவில்லை! எனக்கு இதில் ஏமாற்றமே இல்லை. பத்து நிமிஷம் படித்தால் பலன் தெரிய அது என்ன தலைவலி மாத்திரையா? வருஷக்கணக்கில் படித்தவர்களும் கல்நெஞ்சுக்காரர்களாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கதை ஒரு வாய்ப்பைத்தான் கொடுக்கும். சாரங்கனைப் படித்துவிட்டு நம் வீட்டுச் சாரங்கனைத் திரும்பிப் பார்ப்பதும் பார்க்காததும் நம் கையில்தான்.

'டி.வி. சீரியல்லதான் குடும்பக் கதை வருதே, அது போதாதா?' என்பார்கள். சீரியலில் அழுகிறவள் அழுவது ஊருக்கே கேட்கும். பின்னணியில் வயலின் வேறு. நிஜ வீட்டில் அழுகிறவள் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். சீரியல் பார்த்துப் பழகிய கண், கண்ணீர் கன்னத்தில் வழிந்தால்தான் துக்கம் என்று நினைக்கும். நல்ல கதையில் வருகிறவர்கள் துக்கத்தை மறைத்துக்கொண்டு காபி போடுவார்கள், கணக்கு எழுதுவார்கள், டைரி வாங்கிவந்து கையெழுத்துக் கேட்பார்கள். நம் வீட்டு ஜனங்களும் அப்படித்தானே?

ஒரு எச்சரிக்கை. கதை மருந்து இல்லை. வீட்டில் ஒருவர் இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, பிடித்த எதிலும் ஆசை இல்லை, 'நான் இருந்து என்ன பிரயோஜனம்' என்கிற மாதிரி பேசுகிறார் என்றால் கையில் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு நீங்கள் நகர்ந்துவிடக்கூடாது. டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வெளியே போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் போடலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை. காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். 'பைத்தியத்துக்குப் பாக்கிற டாக்டர்கிட்டயா?' என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சர்க்கரைக்குப் போகிற மாதிரிதான் இதற்கும் என்று சொல்லிவிட்டு, சம்மதத்துக்குக் காத்திருக்காமல் கிளம்புங்கள்.

அப்புறம், கதையைப் பிரம்பாக மாற்றிவிடாதீர்கள். 'பாத்தியா, அந்தக் கதையில வர்ற பொண்ணு எப்படிப் பொறுத்துப் போறா!' என்று மருமகளிடம் சொல்வதற்காகப் படிப்பதென்றால் படிக்கவே வேண்டாம். பிள்ளை ஒரு கதை படித்து முடித்ததும் 'இதுல இருந்து என்ன கத்துக்கிட்ட?' என்று கேட்டால் அத்தோடு அவன் படிப்பதை விட்டுவிடுவான். 'உனக்கு யாரைப் பிடிச்சுது?' என்று கேளுங்கள், அது போதும். அவன் சொல்லும் பதிலில் அவனே இருப்பான்.

புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு தனியாகக் கிடந்தால் அதுவும் ஒரு தனிமைதானே என்று கேட்டால்... ஆமாம், சரிதான். அதனால்தான் வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன். ஒரு காலத்தில் வாரப் பத்திரிகை வந்ததும் தொடர்கதையை ஒருத்தர் படிக்க, மற்றவர்கள் கீரை ஆய்ந்துகொண்டும் பூ கட்டிக்கொண்டும் கேட்ட வீடுகள் எத்தனை! எழுத்துக் கூட்டத் தெரியாத அப்பத்தாக்களுக்கும் கதாபாத்திரங்களின் பெயர் அத்துப்படி. அடுத்த வாரம் என்ன ஆகும் என்று கிணற்றடியில் பந்தயம் கட்டுவார்கள்.

பக்கத்துக் கிளை நூலகத்தில் அழகிரிசாமி, ஜானகிராமன், ஜெயகாந்தன், புதுமைப்பித்தன் நால்வரில் ஒருவராவது அலமாரியில் இருப்பார். ஒன்றை எடுத்து வாருங்கள். லீவுக்கு ஊருக்கு வரும் பேரப்பிள்ளைகளே, உங்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். செல்போனை ஒரு அரைமணி நேரம் ஓரமாக வைத்துவிட்டு, சாயங்காலம் திண்ணையில் அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து, காது கேட்கிற மாதிரி சத்தமாகப் படியுங்கள். இரண்டாவது பக்கத்தில் தூங்கிவிட்டாற்போல இருப்பாள். தூங்கவில்லை. நான்காவது பக்கத்தில் குறுக்கே பேசுவாள். 'இப்படித்தாண்டா எங்க சின்னாத்தாளுக்கும்...' என்று ஆரம்பிப்பாள். அப்போது 'இரு அப்பத்தா, இதை முடிச்சிடறேன்' என்று சொல்லாமல் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.